செட்டிநாட்டு வீட்டைப் புதுப்பிக்கையில் எந்த வேலை முதலில்? கேள்வி பதில்

கேள்வி (கானாடுகாத்தான்): தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வந்து இறங்கிவிட்டது. வளவுத் தரையை (முற்றத்தைச் சுற்றியுள்ள பகுதியின் தரையை) இப்போதே போட்டுவிட்டு, சுவர்ப் பூச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். தரையைப் பற்றி முடிவெடுப்பது முதல் வேலை, கல் பதிப்பது கடைசி வேலை. பழைய தரையின் மேலேயே பதித்தால், கல்லின் தடிமனும் அடிக்கலவையும் சேர்ந்து மட்டம் இரண்டு அங்குலம் வரை உயர்ந்து, பர்மா தேக்குக் கதவின் அடி தரையில் உரசும். அந்தக் கதவை இழைத்துக் குறைக்க எனக்கு மனம் வராது. ஆகவே பழைய தரையைப் பெயர்ப்பதா என்பதை இன்றே தீர்மானித்து, முடிவான மட்டத்தை எல்லா அறைச் சுவர்களிலும் குறித்துவிட்டு, கல்லை நிழலில் அடுக்கி வையுங்கள். அது சூளையில் சுடப்படாமல், கண்ணாடியின் மேல் வண்ணச் சிமென்ட் ஊற்றி வார்க்கப்படுவது என்பதால், தெறிக்கும் சுண்ணாம்பும் பெயிண்டும் அதன் முகத்தில் கறையாகத் தங்கிவிடும்.

கேள்வி (தேவகோட்டை): இரண்டாங்கட்டில் (வீட்டின் இரண்டாம் முற்றப் பகுதியில்) குளியலறை சேர்க்கிறோம். குழாய், வயரிங் எப்போது?

பதில்: பூச்சுக்கு முன்பே. ஆனால் குளியலறை எங்கே வரும் என்பதை வெளியில் கழிவுநீர்த் தொட்டி இருக்கும் மட்டமே தீர்மானிக்கும். நான்கு அங்குலக் கழிவுக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓர் அடி என வாட்டம் (சரிவு) வைத்து, தொட்டியிலிருந்து உள்நோக்கிக் கணக்கிட்டு வாருங்கள். வாட்டம் போதாவிட்டால் இடத்தை மாற்றுவது வரைபடத்தில் இருக்கும்போதே எளிது. சுவிட்சுகளின் இடத்தையும் கட்டில், பீரோ நிற்கும் இடங்களைக் குறித்த பிறகே முடிவு செய்யுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சைப் பின்னர் வெட்டி ஒட்டுப்போட்டால், எவ்வளவு கைதேர்ந்த கொத்தனார் செய்தாலும் அந்தத் தடம் தெரியும்.

கேள்வி (பள்ளத்தூர்): செலவு அதிகம் என்பதால் ஓடு மாற்றுவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாமா?

பதில்: கூடாது. ஒழுகும் கூரையின் கீழ் செய்யும் பூச்சு வேலை அனைத்தும் வீண். பணம் போதாவிட்டால் உள்வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி (காரைக்குடி): கல் பதித்தாயிற்று, வெள்ளையடிப்பு மட்டும் பாக்கி. இனி என்ன செய்வது?

பதில்: பெயர்க்க வேண்டியதில்லை. புதிய கல்லில் ஈரம் இருக்கும் என்பதால், பிளாஸ்டிக் தாளால் நாள்கணக்கில் மூடிவைக்காதீர்கள். திட்டுத்திட்டாக நிறம் மாறும். உலர்ந்த அட்டையைப் பரப்பி, சிந்துவதை அப்போதைக்கப்போது ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த பிறகு ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வண்ணப் பரப்பையே அது அரித்துவிடும். தேங்காய் எண்ணெய் தேய்ப்பதை வெள்ளையடிப்பு முடிந்து, தரை நன்றாகக் காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.