ஆலோசனைக்கு யார் காசு தருவார்கள்?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பரந்தனைச் சேர்ந்தவள். வயது முப்பத்தெட்டு. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் உள்ளகக் கணக்காய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். வருகிற பங்குனி முடிவில் பன்னிரண்டு ஆண்டுகள் நிறைவடையும். மாதச் சம்பளம் 150,000 ரூபா. கணவர் கிளிநொச்சியில் ஆசிரியர்; மகளும் அவரோடுதான் இருக்கிறாள். இரவு பஸ்ஸில் வந்துபோகும் இந்த வாழ்க்கை போதும் என்று, தையில் வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே கணக்கியல், வணிக ஆலோசனை நிலையம் ஒன்றைத் தொடங்க நினைக்கிறேன். அரிசி ஆலைகளும் கடைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தேடி வரும் என்று நம்புகிறேன். எட்டு மாத வீட்டுச் செலவுக்குக் கையில் காசு உண்டு. ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியை எடுத்து அலுவலகம் போடலாம் என்கிறார் கணவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே தங்களுக்கு வேலை செய்தால் ஒப்பந்த அடிப்படையில் மாதம் 60,000 ரூபா தருவதாக நிறுவனம் சொல்கிறது. அப்பாவோ, "இருக்கிற வேலையை விட்டுப்போட்டு ஆரிட்டப் போய்க் காசு கேட்கப்போறாய்?" என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

ஊருக்குத் திரும்புவது என்ற முடிவை நீங்கள் ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. அது நல்ல முடிவென்றே நானும் நினைக்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் மிகவும் பெறுமதியான வரி அப்பாவுடையது. அதை அவர் பயத்தில் கேட்டிருக்கலாம். நீங்கள் அதைத் தொழில் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வன்னியில் ஆலோசனைக்கு யாரும் காசு தருவதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இடம்பெயர்ந்தும் மீளக் குடியேறியும் வாழ்ந்த சனம், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் பிழைத்துவந்தது. படிவம் நிரப்பித் தருவதற்கும் கடிதம் எழுதித் தருவதற்கும் விலை கேட்பது இங்கே இன்னமும் மனத்துக்கு ஒவ்வாத காரியமாகவே இருக்கிறது. "பிள்ளை, இதை ஒருக்காப் பார்த்துச் சொல்லு" என்று கொப்பியோடு வருகிற கடைக்காரர், நீங்கள் அரை மணி நேரம் சொல்லும் அறிவுரைக்கு ஒரு தேநீர் வாங்கித் தருவார். அதே கடைக்காரர், ஆண்டுக் கணக்கை முடித்து வருமான வரி அறிக்கையைச் சமர்ப்பித்துக் கொடுத்தால் பேசிய தொகையை எண்ணித் தருவார். ஆகவே உங்கள் பெயர்ப்பலகையில் ஆலோசனை நிலையம் என்று எழுதிக்கொள்ளுங்கள். விற்பது மட்டும் முடித்துக் கையில் கொடுக்கக்கூடிய வேலையாக இருக்கட்டும்.

எந்த வேலை என்று பார்ப்போம். கூட்டுறவுச் சங்கங்களை முதல் பட்டியலில் வைக்க வேண்டாம். அவற்றின் கணக்காய்வைக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களமே செய்கிறது, உங்களுக்குக் கிடைக்கக்கூடியது கணக்குப் பதிவு வேலை மட்டும்தான், அதற்கும் நிருவாகக் குழுவின் தீர்மானம் வேண்டும். கம்பனிகளின் கணக்காய்வு அறிக்கையில் ஒப்பமிடுவதற்குச் சட்டம் தனித் தகுதி கேட்கிறது; அது உங்களிடம் இல்லையென்றால், அந்தத் தகுதி உள்ள ஒருவரோடு இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருப்பதே பெரிய பரப்பு: அரிசி ஆலை, கட்டடப் பொருள் கடை, உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை, சிறு ஒப்பந்தகாரர்கள். பெரும்பாலானவர்களிடம் சிட்டைகள் ஒரு துணிப்பையிலும் கடன் விவரம் ஒரு நாற்பது பக்கக் கொப்பியிலும் இருக்கும். வங்கிக் கடன் கேட்கும் நாளில்தான் கணக்கு வேண்டுமென்று தெரியவரும்.

இனி விலை. உங்கள் சம்பளம் 150,000 ரூபா என்கிறீர்கள். உண்மையில் அது அதைவிடக் கூட. தொழில்தருநர் சேமலாப நிதிக்கு 12 வீதம், 18,000 ரூபா போடுகிறார். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், 4,500 ரூபா. வேலையை விடும்போது ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்று கிடைக்கும் பணிக்கொடையை மாதத்துக்குப் பிரித்தால் 6,250 ரூபா. எல்லாம் சேர்ந்தால் 178,750 ரூபா. சொந்தத் தொழிலில் மாதம் பன்னிரண்டு நாள் காசு வரும் வேலை கிடைத்தாலே நல்லது. மிச்ச நாட்கள் ஆட்களைத் தேடுவதிலும், நிலுவைக்கு அலைவதிலும், திணைக்கள வாசல்களிலும் போய்விடும். அப்படியென்றால், மின்சாரமும் பெற்றோலும் சேராமலே, உங்கள் ஒரு நாளின் விலை கிட்டத்தட்ட 15,000 ரூபா.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நிறுவனம் தருவதாகச் சொல்லும் 60,000 ரூபாவைப் பாருங்கள். ஐந்து நாள் சம்பளத்தில் இரண்டு நாளைக்கு உரியதை அப்படியே வெட்டித் தந்திருக்கிறார்கள்; சேமலாப நிதியும் பணிக்கொடையும் விடுமுறையும் அதில் இல்லை. முழுச் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு 71,500 ரூபா. அதற்குக் கீழே இறங்கினால் உங்களுக்கு நட்டம். தொண்ணூறாயிரத்தில் பேச்சைத் தொடங்குங்கள். உங்களைப் போன்ற ஒருவரைப் புதிதாக எடுத்துப் பழக்குவது அவர்களுக்கு அதைவிட அதிகச் செலவு, ஆகவே கேட்பதில் கூச்சம் வேண்டாம். கொழும்புக்கு வரச் சொன்னால் பயணச் செலவு யாருடையது, நிறுத்துவதென்றால் எத்தனை மாத முன்னறிவித்தல், மற்றவர்களுக்கு வேலை செய்யத் தடை உண்டா என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தை ஓராண்டுக்கு வைத்திருங்கள். எட்டு மாதச் சேமிப்பு அதனால் இன்னும் நெடுங்காலம் நின்றுபிடிக்கும்.

ஒரு நாளுக்குப் பதினைந்தாயிரம் என்று ஆலைக்காரரிடம் சொன்னால் எழுந்து போய்விடுவார். அந்த எண் உங்களுக்கு மட்டும். அவரிடம், மாதாமாதம் வந்து சிட்டைகளைப் பதிந்து, வேலையாட்களின் சேமலாப நிதியைக் கட்டி, ஆண்டு முடிவில் வரி அறிக்கையும் தருவதற்கு மாதம் 7,500 ரூபா என்று சொல்லுங்கள். ஒழுங்காகப் பேணினால் அது உங்களுக்கு மாதத்தில் அரை நாள் வேலை. இப்படிப் பத்துப் பேர் சேர்ந்தால் 75,000 ரூபா; முதலாம் ஆண்டிலேயே பத்துப் பேர் வருவார்கள் என்று நான் எண்ணமாட்டேன்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். மாரி மழையில் விளையும் காலபோக நெல்லின் அறுவடை முடிகிற மாசி, பங்குனியில் ஆலைக்காரரின் காசு முழுவதும் நெல் மூடைகளாக அடுக்கிக் கிடக்கும். அரிசியாக விற்ற பிறகுதான் கையில் புழங்கும். உதிரிப்பாகக் கடைக்காரருக்கோ அதே மாதங்களில்தான் விவசாயி பழைய கடனைக் கட்டுவார். கோடையில் செய்யும் சிறுபோகத்தின் அளவை இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் தீர்மானிக்கிறது. 2018 மார்கழி வெள்ளம் போல ஒன்று வந்தால் பயிரோடு உங்கள் நிலுவையும் போய்விடும். எல்லா வாடிக்கையாளரும் நெல்லைச் சார்ந்தவர்களாக இருக்க விடாதீர்கள். ஒவ்வொருவரிடமும் பாதியை முன்பணமாக வாங்குங்கள், உறவினரானாலும்.

நான் மனம்விட்டுச் சொல்ல விரும்புவது கடன் அறிக்கை பற்றி. வங்கிக்குத் திட்ட அறிக்கையும் காசுப்பாய்ச்சல் மதிப்பீடும் எழுதித் தருவது நல்ல வருமானம் தரும் வேலை. கடன் கிடைக்கும்படி விற்பனையைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லி உங்களிடம் கெஞ்சுவார்கள். போடாதீர்கள். கடன் எத்தனை வீடுகளை இந்த மண்ணில் உடைத்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். திருப்பிக் கட்ட முடியாத கடனுக்கு வழி செய்த எண்கள் உங்கள் கையெழுத்தோடு இருக்கக் கூடாது. தொழில் வகையில் பார்த்தாலும், கிளிநொச்சி போன்ற சிறிய நகரத்தில் வங்கி முகாமையாளர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். உங்கள் அறிக்கையை நம்பலாம் என்ற பெயர் ஒன்றுதான் அடுத்த வாடிக்கையாளரை அனுப்பி வைக்கும்.

சேமலாப நிதி பற்றிக் கணவர் சொல்வது நடக்காது. வேலையை விட்டதற்காக அதைத் தரமாட்டார்கள். பொதுவாகப் பெண்களுக்கு ஐம்பது வயதில்தான் உரித்து. வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் ஒரு பகுதியை முன்கூட்டி எடுக்க ஏற்பாடு உண்டு, தொழில் தொடங்க இல்லை. அலுவலகம் எதற்கு? வீட்டு முன்னறையும் ஒரு பூட்டுள்ள அலுமாரியும் முதல் ஆண்டுக்குப் போதும். வணிகப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். கம்பனியாகப் பதியும் அவசரம் இல்லை. மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் சேவைக் கட்டணம் தரும் நிறுவனம் 5 வீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டே தரும். அந்தச் சான்றிதழ்களைத் தவறாமல் கேட்டு வாங்குங்கள், ஆண்டு வரியில் கழிக்கலாம்.

கடைசியாக, தையில் விலக வேண்டாம். பணிக்கொடை நிறைவடைந்த ஆண்டுகளுக்கே கணக்கிடப்படும். தையில் விலகினால் பதினொரு ஆண்டுக்கு 825,000 ரூபா, பங்குனி முடிய விலகினால் 900,000 ரூபா. வரியாண்டும் மார்ச் 31 உடன் முடிகிறது, அறிக்கை நவம்பர் 30 இற்குள் போக வேண்டும். ஏப்ரலில் நீங்கள் ஊரில் நின்றால் ஆண்டுக் கணக்கு வேலைகள் தொடங்கும் நேரத்தில் நிற்பீர்கள். அதற்கு முன், வெளிவேலை செய்ய நியமனக் கடிதத்தில் தடை உண்டா என்று பார்த்து, இல்லையென்றால், விடுமுறைக்கு வரும்போது பரந்தனில் இரண்டு மூன்று பேரின் கணக்கைக் காசு வாங்கிக்கொண்டே முடித்துக் கொடுங்கள். அந்தக் காசைக் கேட்டு வாங்கிய விதத்தை அப்பாவுக்கும் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா