வேறு கிளையில் இருந்த மாஸ்டரை நான் வேலைக்கு எடுக்கலாமா?

கேள்வி: ஒரு டீக்கடை நிறுவனத்தின் ஃபிரான்சைஸ் எடுத்துத் திருப்பூரில் கடை நடத்துகிறேன். அதே பிராண்டின் இன்னொரு கிளையில் இருந்த மாஸ்டர், வேலையை விட்டு நான்கு மாதமாகிறது. இப்போது என்னிடம் வேலை கேட்கிறார். 'மற்ற கிளை ஊழியரை, விலகி ஓராண்டு ஆகும்வரை எடுக்கக் கூடாது. மீறினால் 2 லட்சம் ரூபாய்' என்று என் ஒப்பந்தத்தில் இருக்கிறது. எடுத்தால் என்ன ஆகும்?

பதில்: அந்த நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட்டது நீங்கள்தான், மாஸ்டர் அல்ல. வேலையை விட்டுப் போனவரைத் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. அதனால் மாஸ்டர் பயப்பட வேண்டியதில்லை.

உங்கள் நிலை வேறு. குஜராத் பாட்லிங் – கோகோ கோலா வழக்கில் (1995), ஃபிரான்சைஸ் நடப்பில் இருக்கும் காலத்துக்கு மட்டுமான கட்டுப்பாட்டை 27ஆம் பிரிவு பாதிக்காது என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே 'இதெல்லாம் கோர்ட்டில் நிற்காது' என்று யாராவது சொன்னால் நம்பித் துணிந்துவிடாதீர்கள்.

உங்கள் விஷயத்துக்கு நெருக்கமானது, 2006இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்த்த விப்ரோ – பெக்மன் கோல்ட்டர் வழக்கு. ஒருவர் ஊழியரை மற்றவர் இழுக்கக் கூடாது என்று இரு நிறுவனங்களும் ஒப்புக்கொண்டிருந்தன. இது நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது, ஊழியரை அல்ல. எனவே செல்லும் என்றது நீதிமன்றம். ஆனால் ஏற்கெனவே வேலைக்குச் சேர்ந்துவிட்டவர்களை வெளியேற்ற உத்தரவிடவில்லை. மீறியிருந்தால் நஷ்டஈடு கேட்கலாம், அவ்வளவுதான். அங்கே இருந்தது 'இழுக்காதே' என்ற தடை. உங்களுடையது, தானாக வந்து கேட்பவரைக்கூட 'எடுக்காதே' என்கிறது. இது ஊழியரின் பிழைப்பிலேயே கை வைப்பதால், இதை எதிர்த்து வாதாட உங்களுக்கு இடம் அதிகம் என்பது என் கருத்து.

அப்புறம், அந்த 2 லட்சம். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். கைலாஷ் நாத் வழக்கில் (2015), இழப்பே இல்லாவிட்டால் இழப்பீடும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நான்கு மாதம் முன்பே விலகிய ஆளால் இன்று என்ன நஷ்டம் என்று காட்டுவது நிறுவனத்துக்குச் சுலபமல்ல. உண்மையான ஆபத்து, ஒப்பந்தத்தை மீறினீர்கள் என்று ஃபிரான்சைஸையே ரத்து செய்வதுதான். ரத்து பற்றிய பகுதியை இன்றே படியுங்கள்.

அமெரிக்காவில் இதே நிபந்தனை பெரிய பிரச்சினையானது. வாஷிங்டன் மாநில அரசுத் தலைமை வழக்கறிஞர் விசாரிக்கத் தொடங்கியதும், 2018 ஜூலையில் மெக்டொனால்ட்ஸ் உட்பட ஏழு உணவு நிறுவனங்கள் இதைக் கைவிட ஒப்புக்கொண்டன. ஒரே பிராண்டின் கிளைகள் ஆளுக்காகப் போட்டி போடாவிட்டால் சம்பளம் உயராது என்பதே அங்கே எழுந்த குற்றச்சாட்டு. நம் நாட்டிலும் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்கீழ் இதே கேள்வியை எழுப்பலாம். ஒரு டீ மாஸ்டருக்கு, தன் கைப்பக்குவத்துக்கு நல்ல கூலி கேட்க இருக்கும் ஒரே வழி கடை மாறுவதுதான். அதை அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, என்ன செய்யலாம்? அவரே வேலை கேட்டு வந்தார் என்பதற்கு எழுத்தில் ஒரு விண்ணப்பம் வாங்குங்கள். முந்தைய கடையிலிருந்து எந்தத் தேதியில் விலகினார் என்பதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். எடுப்பதற்கு முன் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் சம்மதம் கேளுங்கள். அவருக்குப் பயிற்சி கொடுத்த செலவுதான் அவர்கள் மனக்குறை என்றால், அதில் ஒரு பங்கைத் தர முன்வரலாம். மறுத்தால், அவரைச் சேர்க்கும் முன் ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.