இணையத்தில் என் தகவல் எங்கே போகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அதை வைத்து வேட்பாளர்களை எடைபோடுவது சரியா?

சரிதான், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் "மக்களின் தனியுரிமையை மதிக்கிறோம்" என்று யார் சொல்கிறார்கள் என்று பார்த்தால் ஒன்றும் கிடைக்காது, எல்லாரும் சொல்வார்கள். ஒரு காரணம் சொல்லி வாங்கிய தகவல் வேறு காரணத்துக்குப் போனபோது அந்த ஆளும் அவர் கட்சியும் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

சிங்கப்பூரில் கொவிட் காலத்தில் யார் யாருக்கு அருகே இருந்தார்கள் என்று பதிவு செய்த டிரேஸ்டுகெதர் ஞாபகம் இருக்கும். 2020 மார்ச்சில் செயலியாக வந்தது, பிறகு பையில் போடும் கருவியாகவும். ஜூனில் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், இந்தத் தகவல் கொவிட் தொடர்புகளின் தடமறிவதற்கு மட்டும்தான் என்றார். அதை நம்பி எத்தனை பேர் அந்தக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு தேக்கா மார்க்கெட்டுக்கும் ஆபீசுக்கும் போய்வந்தோம்! 2021 ஜனவரியில் பார்த்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி போலிஸ் அதை எடுக்க முடியும் என்று நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. எனக்கு அன்று உண்மையிலேயே கோபம் வந்தது, இன்றும் முழுசாகத் தணியவில்லை. ஆனால் எடைபோடும்போது மற்றதையும் தராசில் வைக்க வேண்டும். முதலில் பேசியபோது அந்தச் சட்டம் தன் நினைவுக்கு வரவில்லை என்று அமைச்சர் அவையிலேயே ஒப்புக்கொண்டார். ஒரு மாதத்துக்குள், பிப்ரவரி 2021ல், ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும்தான் என்று வரம்பு கட்டிச் சட்டம் வந்தது. விசாரணைக்குப் பயன்படுத்துவீர்களா, என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று முதலில் கேள்வி கொடுத்தவர் எதிர்க்கட்சிக்காரர்கூட இல்லை, ஆளும் மக்கள் செயல் கட்சியின் கிறிஸ்டஃபர் டி சூசா.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நம்மூரில் பெரும்பாலோர் குழுத்தொகுதியில் வாக்களிக்கிறோம், நான்கைந்து பேரைச் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்க முடியும். உள்ளே போனபின் மசோதாவுக்கு வாக்களிப்பது கட்சிக் கொறடா சொல்கிறபடிதான். அதனால் மசோதா வாக்கு கட்சியைக் காட்டும், தனி ஆளைக் காட்டாது. அவர் என்ன கேள்வி கேட்டார் என்பதில்தான் ஆள் தெரிவார். நாடாளுமன்றப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன, பெயரைப் போட்டுத் தேடினால் வந்துவிடும். 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவு ஆணையத்தின் புதிய தளத்தில் அங்கே பதிவில் இருக்கும் யார் பெயரைத் தட்டினாலும் முழு அடையாள அட்டை (ஐசி) நம்பரும் வந்து நின்றதே, அதைப் பற்றி 2025 ஜனவரியில் அவையில் பேச்சு நடந்தது, அமைச்சர் ஜோசஃபின் டியோ மன்னிப்பும் கேட்டார். அந்த ஆண்டு மே 3ஆம் தேதி பொதுத்தேர்தல் நடந்தது. உங்கள் உறுப்பினர் இரண்டாம் முறை நின்றவர் என்றால் அந்த ஜனவரியில் அவர் வாயைத் திறந்தாரா என்று தேடிப் பாருங்கள், கட்சித் துண்டுப்பிரசுரம் சொல்லாததை அது சொல்லும்.

புது முகம் என்றால்? நேரில் கேட்பதுதான் வழி. பிரசார நேரத்தில் எங்கள் புளோக்குக்கு ஒரு குழு வந்தது. மின்தூக்கிப் பிரச்சினையைச் சொன்னேன், உடனே கூட வந்த தொண்டூழியப் பெண் கையில் இருந்த டேப்லெட்டில் பெயர், வீட்டு எண், கைபேசி எண் என்று வரிசையாகக் கேட்டார். இது தேர்தல் முடிந்ததும் என்ன ஆகும், யார் பார்ப்பார்கள் என்று வேட்பாளரையே கேட்டேன். அவர் மழுப்பவில்லை. திரும்பி அந்தப் பெண்ணிடம் கேட்டார், அவருக்கும் தெரியவில்லை. "அப்போ நம்பர் வேண்டாம்மா, புளோக் நம்பர் மட்டும் போட்டுக்கோ, மின்தூக்கிக்கு அது போதும்" என்றார். அழகான கொள்கை விளக்கத்தைவிட அது எனக்குப் பெரிதாகப் பட்டது. தேவைக்கு மேல் வாங்காதே என்பதுதானே தனியுரிமையில் பாதி.

இன்னொரு கவலையையும் இங்கே தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் கேட்பது இது: வாக்குச்சீட்டில் வரிசை எண் இருக்கிறதே, யாருக்குப் போட்டோம் என்று கண்டுபிடித்துவிடுவார்களா? கள்ளச்சீட்டையும் ஆள்மாறாட்டத்தையும் தடுக்கத்தான் அந்த எண். எண்ணி முடித்ததும் சீட்டுகள் முத்திரையிடப்பட்டு உச்ச நீதிமன்றப் பெட்டகத்தில் ஆறு மாதம் இருக்கும், அப்புறம் எரித்துவிடுவார்கள். நடுவில் திறக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும், 1948ல் இங்கே தேர்தல் தொடங்கியதிலிருந்து அப்படி ஓர் உத்தரவு வந்ததே இல்லை. சீட்டைவிட நாம் வாட்ஸ்அப் குழுவில் போடும் பதிவும் கட்சிப் பக்கத்தில் தட்டும் லைக்கும்தான் நம்மை அதிகம் காட்டிக்கொடுக்கும்.

வேட்பாளரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி சொல்லுங்கள் என்றால் நான் இதைச் சொல்வேன். 2012ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்குத்தான், அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது. அவற்றுக்கு 2018ல் வேறு சட்டம் வந்தது. 2018ல் சிங்ஹெல்த் என்ற மருத்துவமனைக் குழுமத்தில் 15 லட்சம் நோயாளிகளின் தகவல் திருடப்பட்டபோது, தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் விசாரித்து, அந்த 2012 சட்டத்தின்கீழ் சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளியும், அதன் கணினிகளைப் பார்த்துக்கொண்ட நிறுவனத்துக்கு 7,50,000 வெள்ளியும் அபராதம் விழுந்தது. ஓர் அமைச்சிலிருந்தே தகவல் கசிந்தால் அதே ஆணையம் அதே சட்டத்தில் விசாரிக்க வேண்டுமா, வேண்டாமா? "வேண்டாம், ஏனென்றால்..." என்று காரணத்தோடு சொல்பவரையும் நான் மதிப்பேன், பேச்சை மாற்றுபவரைத்தான் கழித்துவிடுவேன். தேர்தல் முடிந்துவிட்டதே என்று விடவேண்டாம். ஜெயித்தவர் வாராவாரம் புளோக்குக்குக் கீழே மக்களைச் சந்திக்கிறார், அங்கேயும் கேட்கலாம்.