போனை வைக்க முடியாதது என் குணமா, டாக்டர்?

கேள்வி: வயது 23, அம்பாசமுத்திரம் பக்கம். குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். ராத்திரி ரெண்டு மணி வரை போன்தான். போட்ட ஸ்டேட்டஸை யார் பார்த்தார்கள் என்று திரும்பத் திரும்பப் பார்ப்பேன், நீல டிக் விழுந்தும் பதில் வராவிட்டால் தூக்கம் போச்சு. அக்காவும் போன் வைத்திருக்கிறாள், அவளுக்கு இப்படி இல்லை. "ஏல, உன் குணமே அப்படி" என்கிறார் அப்பா. குணத்தை மாற்ற மாத்திரை உண்டா?

பதில்: தம்பி, குணத்துக்கு மாத்திரை கிடையாது, தேவையும் இல்லை. ஆனால் அப்பா சொன்னதில் பாதி உண்மை. சட்டென்று பதறுகிற, எதையும் மனதுக்குள் போட்டுக் குமைகிற சுபாவக்காரர்களிடம் சமூக ஊடகத்தை விட முடியாத இந்தத் தொல்லை கூடுதலாகவும், திட்டம் போட்டு வேலையை முடிக்கிறவர்களிடம் குறைவாகவும் இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. கலகலப்பாகப் பழகுகிறவர்கள் விஷயத்தில் முடிவு அப்படியும் இப்படியுமாக இருக்கிறது. இதெல்லாம் வாய்ப்புக் கணக்குதான், தலையெழுத்து இல்லை. தூக்கம் கெட்டால் பதற்றம் கூடும் என்பதால் எது முதலில் வந்தது என்று பிரிப்பதும் கஷ்டம்.

எத்தனை மணி நேரம் பார்க்கிறீர்கள் என்பதை மட்டும் வைத்து நாங்கள் முடிவு செய்வதில்லை. நார்வேயின் பெர்கனில் உருவான ஒரு கேள்வித்தாளில் ஆறே கேள்விகள்: போன ஒரு வருஷத்தில் எந்நேரமும் அதே நினைப்பா, நேரம் கூடிக்கொண்டே போகிறதா, கவலையை மறக்கத்தான் பார்க்கிறீர்களா, குறைக்க முயன்றும் முடியவில்லையா, தடுத்தால் எரிச்சலா, படிப்பு கெடுகிறதா. பெரும்பாலானவற்றுக்கு 'அடிக்கடி' என்றால் கவனிக்க வேண்டும். அதற்காக அடிக்ட் என்று நீங்களே முத்திரை குத்திக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இருக்கிறது, சமூக ஊடகத் தொல்லை தனி நோயாக இல்லை.

உங்களைப் படுத்துவது போன் இல்லை, பதிலுக்குக் காத்திருப்பது. வாட்ஸ்அப் பிரைவசியில் ரீட் ரிசிப்ட்ஸை அணையுங்கள்; நீல டிக்கும் தெரியாது, ஸ்டேட்டஸை யார் பார்த்தார்கள் என்பதும் தெரியாது. முதல் சில நாள் கை பரபரக்கும், அப்புறம் அடங்கும். ராத்திரி போன் பட்டாசாலையில் (கூடத்தில்) சார்ஜ் ஆகட்டும். அலாரம் வேண்டுமே என்பீர்கள், ஒரு டைம்பீஸ் வாங்கிக்கொள்ளுங்கள். ஆப்பையே அழித்துவிட்டு மூணாம் நாள் மறுபடி ஏற்றுகிற சபதமெல்லாம் வேண்டாம்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ரெண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் மனம் சோர்ந்தே கிடந்தால், ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) மனநலப் பிரிவுக்குக் காலையிலேயே போய் ஓபி சீட்டு போடுங்கள். சாகலாம் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டு அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், இலவசம், நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம். பதற்றமோ சோர்வோ அடியில் இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு, தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. அக்காவைத் துணைக்குக் கூட்டிப் போங்கள், அப்பாவிடம் அவளே பேசிக்கொள்வாள்.