செஸ் கேள்வி - பதில்

கே: மகள் ஏழாம் வகுப்பு. வெள்ளைக் காய் கிடைத்தால் லண்டன் சிஸ்டம் என்கிற தொடக்க ஆட்டம்தான். முதல் பத்து மூவை இரண்டே நிமிடத்தில் ஆடிவிடுகிறாள். எதிராளி புதிதாக ஏதாவது ஆடினால் அடுத்த இரண்டு மூன்று மூவில் காய் போய்விடுகிறது. இன்னும் லைன் (தொடக்க மூவ் வரிசை) படிக்க வைக்கட்டுமா?
- வாசகி, கரூர்

ப: வேண்டாம். தெரிந்த லைனுக்கே காரணம் தெரியட்டும். லண்டனில் வழக்கமாக வருவது (எழுத்தும் எண்ணும் கட்டத்தின் பெயர்; முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு): டி4, டி5; பிஷப் எஃப்4, சி5; இ3, குதிரை சி6; சி3, ராணி பி6. கறுப்பு ராணி பி2 சிப்பாய் மேல் கண் வைக்கிறது. வெள்ளை ராணியை பி3-க்குக் கொண்டுவந்தால் கவலையில்லை. பிள்ளைகள் ஒப்பிப்பது இதைத்தான்.

கறுப்பு, குதிரையை வெளியே கொண்டுவராமல் மூன்றாவது மூவிலேயே ராணியை பி6-இல் வைத்தால்? கை தானாக சி3-க்குப் போகும். பி2 போச்சு! அதைக் காத்துநின்ற சி1 பிஷப்பை எஃப்4-க்கு அனுப்பியது நாம்தானே. அங்கே குதிரை சி3 ஆடவேண்டும். ராணி ஆசைப்பட்டு பி2-வை வெட்டினால், குதிரை டி5 சிப்பாயை வெட்டும். அடுத்து சி7-இல் இறங்கி ராஜாவையும் யானையையும் ஒருசேரத் தாக்கப் பார்க்கும்.

வீட்டில் தினம் 15 நிமிடம் போதும். அவள் லைனை ஆடட்டும். நாலாவது, ஐந்தாவது மூவில் நீங்கள் வேண்டுமென்றே வேறு ஒன்றை ஆடுங்கள். உங்களுக்குச் செஸ் பெரிதாகத் தெரியவேண்டாம், விதிப்படி இருந்தால் சரி. காயைத் தொடும் முன் அவள் இரண்டு பதில் சொல்லவேண்டும்: அந்த மூவ் எதைத் தாக்குகிறது? எதைக் காக்காமல் விட்டது? இரண்டாவது கேள்வியைத்தான் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள், விடாதீர்கள்.

போட்டியில் ஐந்து மூவுக்கு ஒருமுறை கடிகார நேரத்தை ஸ்கோர்ஷீட்டில் (மூவ்களை எழுதும் தாள்) குறிக்கச் சொல்லுங்கள். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி அதை அனுமதிக்கிறது. ஆடப்போகும் மூவை முன்கூட்டி எழுதுவதுதான் கூடாது. 90 நிமிடமும் மூவுக்கு 30 விநாடி கூடுதலும் உள்ள ஆட்டத்தில், பத்து மூவுக்கு இரண்டு நிமிடம் செலவழித்தால் கடிகாரம் 93 காட்டும். அது தப்பில்லை. பதினோராவது மூவையும் அதே வேகத்தில் ஆடுவதுதான் தப்பு. பழகாத மூவ் வந்ததும் மூன்று நிமிடமாவது யோசிக்கட்டும்.

கே: கிராண்ட்மாஸ்டர்களும் மனப்பாடம்தானே செய்கிறார்கள்?
- வாசகர், நெல்லை

ப: செய்கிறார்கள், சறுக்கியும் இருக்கிறார்கள். 1988-இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டாவிடம் நம் விஸ்வநாதன் ஆனந்த் ஆறே மூவில் தோற்றார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் உலக ஜூனியர் சாம்பியன்!

பெட்ரோஃப் என்கிற தொடக்க ஆட்டம். இ4, இ5, இரு பக்கமும் ராஜா பக்கக் குதிரை, வெள்ளைக் குதிரை இ5-ஐ வெட்ட, டி6, அது எஃப்3-க்குத் திரும்ப, கறுப்புக் குதிரை இ4-ஐ வெட்டியது. வெள்ளை குதிரை சி3. ஆனந்த் பிஷப் எஃப்5. 1987-இல் கிராண்ட்மாஸ்டர்கள் மைல்ஸ், கிறிஸ்டியன்சன் ஆடிய ஆட்டத்தில் இருந்த மூவ் இது. அதில் வெள்ளை இ4 குதிரையை வெட்டியது, ஆட்டம் டிரா. சபாட்டாவோ ராணியை இ2-இல் வைத்தார். இ4 குதிரைக்குப் பின்னால் அதே வரிசையில் ராஜா, குதிரை நகரமுடியாது. அடுத்து டி3 வந்தால் அது போய்விடும். கறுப்பு ராணியை இ7-க்குக் கொண்டுவந்தால் வெள்ளைக் குதிரை டி5-க்குப் பாய்ந்து ராணியை விரட்டும்.

கே: செஸ் 960 ஆடினால் மனப்பாடப் பழக்கம் போகுமா?
- வாசகர், ஈரோடு

ப: ஓரளவு. பாபி ஃபிஷர் 1996-இல் அறிவித்த முறை இது. பின்வரிசைக் காய்கள் 960 விதங்களில் ஒன்றாக அடுக்கப்படுவதால் முதல் மூவிலிருந்தே யோசித்தாக வேண்டும். வாரம் ஓர் ஆட்டம் நல்லது. போட்டிக்கு முந்தைய வாரம் மட்டும் வேண்டாம். காஸ்லிங்கில் (ராஜாவும் யானையும் ஒரே மூவில் இடம் மாறுவது) சின்னப் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்.