பளபளப்பும் கூரும் – கடிதம்

வணக்கம்.

பழைய மடக்கு சவரக்கத்திகளைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் செய்த கத்திகள். எல்லாவற்றையும் மோட்டார் பாலிஷ் சக்கரத்தில் கொடுத்து முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக்கி, கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கிறேன். ஒன்றில் சவரம் செய்து பார்த்தேன். முடியை இழுத்தது, தோல் எரிந்தது, தாடையில் வெட்டியும் விட்டது. புதிதாகப் பழகுகிறவனுக்கு எந்தச் சோப்பு, எந்தப் பிரஷ் நல்லது? இதெல்லாம் வெட்டிவேலை என்கிறார் மனைவி. உங்கள் கருத்து?

எஸ்.

அன்புள்ள எஸ்,

சோப்பு எதுவானாலும் சரி, நன்றாக நுரைத்தால் போதும். பிரஷ்ஷும் அப்படித்தான். வெட்டிவேலையா இல்லையா என்பதை நீங்களும் உங்கள் மனைவியும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். என்னை இந்தப் பதிலை எழுதவைத்தது உங்கள் பாலிஷ் சக்கரம். சில நாட்களாகவே அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது.

அந்தக் கத்தி ஏன் இழுத்தது தெரியுமா? அதற்குக் கூரே இல்லை. பாலிஷ் சக்கரத்தின் துணி விளிம்பை உருட்டிவிடும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது, கன்னத்துக்குத் தெரியும். இன்னொன்று சூடு. சவரக்கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மிக மெல்லியது, சக்கரத்தில் வைத்த சில நொடிகளில் கொதித்துவிடும். எஃகு நீலம் பாரித்தால் சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் பதம், அதாவது எஃகின் கடினம், போயிற்று. பிறகு எத்தனை முறை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. உங்கள் கத்திகளில் எத்தனை அப்படிப் போயினவோ!

அழிந்தது அது மட்டுமல்ல. பழைய கத்திகளில் வாய்க்கும் பிடிக்கும் இடையிலுள்ள வால்பகுதியில் முத்திரை இருக்கும். 1890-இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருட்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. ஊர்ப்பெயரோடு நாட்டின் பெயரும் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் பல கத்திகளின் வயதைத் தோராயமாகவேனும் சொல்கிறோம். ஆழமில்லாத முத்திரையைச் சக்கரம் துடைத்துவிடும். பக்கங்களில் ஓடும் மெல்லிய சாணைக்கோடுகளும் போய்விடும். 19ஆம் நூற்றாண்டு ஷெஃபீல்டில் சாணை பிடித்தவர்கள் கல்தூசைச் சுவாசித்து, நுரையீரல் கெட்டு, இளம் வயதிலேயே செத்தார்கள். அவர்கள் கைவேலையில் மிஞ்சியது அந்தக் கோடுகள்தான். அவற்றை அழுக்கு என்று நினைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

என் மாமா கடைசிவரை ஒரு சோலிங்கன் கத்தியில்தான் சவரம் செய்தார். ஜன்னல் கம்பியில் தோல்வாரைக் கட்டி, மறுமுனையை இடது கையால் விறைப்பாக இழுத்துப் பிடிப்பார். கத்தியின் முதுகு முன்னே போகும், வாய் பின்னால் வரும். முனைக்கு வந்ததும் முதுகை வாரிலேயே ஊன்றிப் புரட்டுவார், வாயின் பக்கமாக ஒருநாளும் புரட்டமாட்டார். பிறகு முன்கையில், தோலில் படாமல், முடிக்கு மேலாகக் கத்தியைக் கொண்டுபோவார். நுனிமுடி தானாக உதிர்ந்தால்தான் கன்னத்துக்குப் போகும். யாரையும் பக்கத்தில் நின்று பேசவிடமாட்டார்.

அவர் காலத்துக்குப் பிறகு அந்தக் கத்தி எனக்கு வந்தது. கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே படியும். முதுகின் கனம்தான் கோணத்தை நிர்ணயிக்கிறது. அதனால் முதுகிலும் தேய்ந்த தடம் விழும். மாமாவின் கத்தியில் அந்தத் தடம் நுனிப்பக்கம் அகலம், பிடியை ஒட்டிய குதிப்பக்கம் குறுகல். அவர் கை எங்கே அழுத்தியது என்பதை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தத் தடத்தைக் கல்லில் படியவைத்தே தீட்டப் பழகினேன். ஒருவர், அதைச் சரிசெய்து பளபளப்பாக்கித் தருகிறேன் என்றார். கொடுக்கவில்லை.

போனது போகட்டும். நீலம் பாரிக்காத ஒரு கத்தியை எடுங்கள். 1000 கிரிட் கல்லில் விளிம்பைப் புதிதாக உருவாக்குங்கள்; எண் கூடக்கூடக் கல் நுண்மையாகும். பொறுமையாக 4000, 8000, முடிந்தால் 12000 வரை போங்கள். கல்லில் வாய் முன்னே போக வேண்டும், வாரில் பின்னே. கன்னத்துத் தோலை நன்றாக இழுத்துப் பிடித்து, கத்தியை ஏறக்குறைய 30 டிகிரி சாய்த்து, முதலில் கன்னத்தில் மட்டும் வழியுங்கள். தாடையை ஒரு மாதத்துக்குத் தொடாதீர்கள். யாரோ பயன்படுத்திய கத்தி என்றால் முன்பே கிருமிநாசினியால் துடைத்திருக்க வேண்டும். செய்தீர்களா?

அப்புறம் அந்தக் கண்ணாடி அலமாரி. ஆமையோடுபோல அரைகுறையாக ஒளி ஊடுருவும் பிடிகள் இருந்தால் அவை பெரும்பாலும் செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக். பழைய செல்லுலாய்டு சிதையும்போது வெளிவரும் வாயு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். அந்தக் கத்தியை மட்டுமல்ல, மூடிய அலமாரியில் பக்கத்திலிருக்கும் நல்ல கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். எளிதில் தீப்பற்றும் பொருள் வேறு. அதைப் போய்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருக்கிறீர்கள். இன்றே அலமாரியைத் திறந்து அவற்றைத் தனியாக, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மற்றவற்றுக்கு மெல்லிதாக எண்ணெய் பூசுங்கள். செய்துவிட்டு எழுதுங்கள்.