சத்தம் போடாத பிள்ளை

வணக்கம். என் ஒன்பது வயது மகனுக்குக் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு (ஏடிஎச்டி) இருப்பதாகச் சென்ற மாதம் மருத்துவர் கூறினார். அவனுக்கான வினாத்தாளை நிரப்பும்போது, பாதிக் கேள்விகள் என் பள்ளிக்காலத்தைப் பற்றியவையாகவே தோன்றின. நான் வகுப்பில் வாய் திறக்காதவள். நல்ல மதிப்பெண் வாங்கியவள். இன்றும் அடுப்பருகில் நிற்கும்போதே பால் பொங்கி வழிகிறது. கையில் பணமிருந்தும் மின்கட்டணத்தை அபராதத்தோடுதான் கட்டுகிறேன். எனக்கும் இக்கோளாறு இருந்திருந்தால் அப்போதே யாராவது கண்டுபிடித்திருக்க மாட்டார்களா? மூத்த மகளால் ஒரு தொல்லையும் இல்லை, மிகவும் அமைதி.
— க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

கண்டுபிடித்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் இக்கோளாறை ஒத்த நிலை உடையவர்களாகத் தம் உரைகளில் விவரித்த 20 குழந்தைகளில் 15 பேர் சிறுவர்கள். அதன் பிறகும் நெடுங்காலம், இருக்கையில் நிலைகொள்ளாத, கேள்வி முடியுமுன் பதிலைக் கத்துகிற ஆண்பிள்ளையைப் பார்த்தே இக்கோளாறின் இலக்கணம் எழுதப்பட்டது. துறுதுறுப்பு இல்லாமலும் கவனக்குறைவு இருக்கலாம் என்பதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல்தான் ஏற்றது. பெண்களிடம் பெரிதும் காணப்படுவது இந்த ஓசையற்ற வகையே.

ஆசிரியர் பெற்றோரை அழைத்துப் பேசுவது, ஒரு பிள்ளை வகுப்பைக் கலைக்கும்போதுதான். தனக்குள் கலைந்துபோகிற பிள்ளைக்காக யாரும் ஆளனுப்புவதில்லை. என்னோடு படித்த ஒரு பெண், கரும்பலகையிலிருந்து கணக்கைப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டு, மூன்றாம் வரியில் ஓர் எண்ணைத் தவறவிட்டு, அழித்து அழித்துத் தாள் கிழியும்வரை அதையே திரும்பப் போடுவாள். வீட்டில் இரவு பதினொரு மணிவரை விழித்திருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதுவாள் என்பது எங்களுக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது. அவளுடைய நல்ல மதிப்பெண்ணே அவளுடைய சிரமத்தை மறைத்துவிட்டது. "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு மறதியா" என்று கேட்டு வளர்க்கும் வீட்டில், மறதி ஒரு கோளாறின் அறிகுறியாக அல்லாமல் குணக்கேடாகவே எண்ணப்படுகிறது. அப்பெண்ணும் அதை நம்பி, வெட்கப்பட்டு, ஒளிக்கக் கற்றுக்கொள்கிறாள். பின்னாளில் பதற்றமோ மனச்சோர்வோ என்று மருத்துவரிடம் போகும்போது, அதற்கு மட்டும் மருந்து கிடைக்கிறது.

மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் பிள்ளைகளில் சிறுவர்களே மிக அதிகம். வயதுவந்தோரிடையே அந்த வேறுபாடு பெருமளவு குறைந்துவிடுவதற்கு, பெண்கள் காலம் கடந்து கண்டறியப்படுவது ஒரு முக்கியக் காரணம். அறிகுறிகள் 7 வயதுக்குமுன் தெரிந்திருக்க வேண்டும் என்ற அமெரிக்கக் கையேட்டின் விதி 2013இல் 12 வயது என்று தளர்த்தப்பட்டது, உங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் கவனம் மேலும் சிதறுவதாகப் பல பெண்கள் சொல்வதையும் மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள்.

நீங்களாகவே முடிவுக்கு வந்துவிட வேண்டாம். தைராய்டு குறைபாடும் தூக்கமின்மையும் இதே தோற்றம் காட்டும். வயதுவந்தோரின் ஏடிஎச்டியைப் பார்த்துப் பழகிய மனநல மருத்துவரிடம், பழைய மதிப்பெண் அட்டைகளோடும், உங்கள் சிறுவயதை அறிந்த ஒருவரோடும் செல்லுங்கள்.

மகளைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். இக்கோளாறில் மரபின் பங்கு மிகப் பெரிது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு மாலை அவளோடு உட்கார்ந்து கணக்கு நோட்டைப் புரட்டுங்கள். விடை சரியா என்று பார்க்க வேண்டாம். ஒரு பக்கத்தை முடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று மட்டும் கேளுங்கள்.